பளுவான ஒலிபெருக்கிக்கு ஏற்ற பெருக்கி

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் அவதரித்த தலம் என்று பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற அவ்வூர், இன்று தொழிற்சாலைகளாலும் பெயர் பெற்றிருக்கிறது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. பின்னர் ஒரகடம் வரையிலும் வயல்களுக்கிடையே ஆலைகள் எழுந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார்களும், 2012-இல் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரிகளும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் வெளிவரத் தொடங்கின.

இவ்வட்டாரத்து ஆலை ஒன்றில் மின்சாரப் பராமரிப்புப் பொறுப்பில் நான் பல்லாண்டுகள் இருந்தேன். எந்த இயந்திரம் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும், அதைத் தாங்கும் வலிமை எதற்கு உண்டு என்று பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. ஆலையில் கற்ற அந்தப் பாடம் வீட்டுக் கூடத்தில் சங்கீதம் கேட்பதற்கும் பயன்படும் என்பதை மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என்னுடன் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தந்தையார் தவில் வித்துவான். கோயில் திருவிழாக்களில் வாசித்ததை யாரோ ஒரு புண்ணியவான் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். தந்தையார் காலமான பின்பு அவர் வாசிப்பாக எஞ்சியவை அந்த நான்கு நாடாக்களே. நண்பர் அவற்றைக் குறுந்தகட்டுக்கு மாற்றிக்கொண்டார். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, ஒருவர் உபயோகித்து விற்ற பெரிய ஒலிபெருக்கி இரண்டை வாங்கினார். அவற்றை இயக்குவதற்கு, '300 வாட்' என்று முகப்பில் பொறித்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் வாங்கினார்.

தவிலின் வலந்தலையில் விரற்கூடுகள் விழும் ஓசை நன்றாகவே கேட்டது. ஆனால் தொப்பியில் கோல் விழும்போதெல்லாம் ஓசை கிழிந்தது. சத்தத்தைச் சற்று உயர்த்தினால் நாகசுரமும் கரகரத்தது. விற்ற கடைக்காரரிடம் சொன்னபோது, "வலு போதவில்லை, முன்னால் ஒரு ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் போடுங்கள்" என்று அதையும் விற்றுவிட்டார். அதைப் பூட்டிய இரண்டாம் நாள், ஒரு பக்கத்து டுவீட்டர், அதாவது உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் சிறு உறுப்பு, கருகிப் போயிற்று. "சார், முந்நூறு வாட் போட்டும் போதவில்லையே!" என்று சொல்லிக்கொண்டு நண்பர் என்னிடம் வந்தார்.

பிழை எங்கே இருந்தது? அதை அறியச் சில அடிப்படைகளைக் காண்போம். ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்றும், ஆம்ப்ளிஃபயரைப் பெருக்கி என்றும், ப்ரீ-ஆம்ப்ளிஃபயரை முன்பெருக்கி என்றும் இப்பேச்சில் குறிப்பிடுவேன்.

ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே இயல்பு உடையவை அல்ல. திருவிழாக் காலத்தில் தென்னை மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை எண்ணிப் பாருங்கள். ஒரு வாட் மின்திறன் கொடுத்தால், ஒரு மீட்டர் தொலைவில் அது 105 டெசிபலுக்கும் மேற்பட்ட ஓசையைத் தரவல்லது. ஆதலால் 30 வாட் பெருக்கி ஒன்றே ஊர் முழுவதையும் எழுப்பிவிடுகிறது. ஆனால் தவிலின் தொப்பி அதில் கேட்பதில்லை. தாழ்ந்த சுருதிகளை வெளியிடும் ஆற்றல் அந்தக் கூம்புக்குக் கிடையாது.

தாழ்ந்த சுருதி வேண்டும், பெட்டியும் வீட்டில் வைக்கத் தக்க அளவில் இருக்க வேண்டும் என்றால், அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர், காற்றுப்புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் ஒலிபெருக்கியை அமைத்து, உள்ளே அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். ஏ.ஆர்.-1 என்ற அந்தப் பெட்டி, அலமாரி போன்ற பெரிய பெட்டிகளுக்கு நிகராகத் தாழ்ந்த சுருதிகளை ஒலித்தது. ஆனால் கொடுக்கும் மின்திறனில் மிகச் சிறு பகுதியே ஓசையாக மாறியது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு ஒலிபெருக்கியும் இவ்வகையினதே. அதன் நேர்மை உலகப் புகழ் பெற்றது. அதன் உணர்திறனோ ஏறத்தாழ 83 டெசிபல்தான்.

இந்த டெசிபல் கணக்கைச் சற்று கவனிக்க வேண்டும். 3 டெசிபல் ஏறுவதற்கு மின்திறன் இரு மடங்காக வேண்டும். 10 டெசிபல் ஏறப் பத்து மடங்காக வேண்டும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் உச்சத்தை எட்ட, 92 டெசிபல் உணர்திறன் உள்ள ஒலிபெருக்கிக்கு 6 வாட்டுக்குச் சற்று மேல் போதும். 83 டெசிபல் ஒலிபெருக்கிக்கோ 50 வாட் தேவை. பளுவான ஒலிபெருக்கி என்று நான் சொல்வதன் முதல் இலக்கணம் இந்தக் குறைந்த உணர்திறன்.

இரண்டாவது இலக்கணம் மின்மறுப்பு. ஒலிபெருக்கியின் முதுகில் 8 ஓம் என்றோ 4 ஓம் என்றோ எழுதியிருக்கும். அது ஒரு பெயரளவுக் கணக்கே. உண்மையில் சுருதிக்குச் சுருதி அந்த மறுப்பு மாறுகிறது. ஓரிடத்தில் 20 ஓமாக உயர்ந்து, மற்றோரிடத்தில் 3 ஓமுக்கும் கீழே இறங்கும். மறுப்பு குறையக் குறைய, பெருக்கி தர வேண்டிய மின்னோட்டம் கூடும். 20 வோல்ட் அழுத்தத்தில் 8 ஓம் பளு இரண்டரை ஆம்பியர் இழுக்கும். 4 ஓம் 5 ஆம்பியர் இழுக்கும். 2 ஓம் 10 ஆம்பியர் இழுக்கும். 1980-களில் வெளிவந்த அப்போஜி சிண்டில்லா என்ற நாடா ஒலிபெருக்கியின் மறுப்பு ஏறத்தாழ 1 ஓம் அளவே இருந்தது. அதைத் தாங்க முடியாமல் பல பெருக்கிகள் தோற்றன.

மூன்றாவது இலக்கணத்தை ஆலைத் தொழிலாளர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சம் தொடாமல் முன்பின்னாகப் போவதை ஆலைகளில் 'பவர் ஃபேக்டர்' குறைவு என்கிறோம். அதைச் சரிசெய்யக் கபாசிட்டர்களை அடுக்கி வைக்கிறோம். ஒலிபெருக்கிக்குள்ளும் கம்பிச் சுருள்களும் கபாசிட்டர்களும் இருப்பதால் இதே முன்பின் நிகழ்கிறது. அப்போது, தம்மீது அழுத்தம் மிகுந்திருக்கும் அதே வேளையில் பெருக்கியின் டிரான்சிஸ்டர்கள் பெரிய மின்னோட்டத்தையும் சுமக்க நேர்கிறது. ஓசையாகப் போக வேண்டிய திறன் டிரான்சிஸ்டரில் வெப்பமாகத் தங்குகிறது.

நண்பரின் ஒலிபெருக்கி எத்தகையது என்று அளந்து பார்த்தோம். 10 ஓம் மின்தடை ஒன்றை ஒலிபெருக்கியோடு தொடராக இணைத்து, ஒரே சுருதியை மெல்ல ஒலிக்கச் செய்து, தடையின் இரு முனைக்கும் ஒலிபெருக்கியின் இரு முனைக்கும் உள்ள அழுத்தங்களை மல்டிமீட்டரால் அளந்தோம். ஒலிபெருக்கியின் அழுத்தத்தைத் தடையின் அழுத்தத்தால் வகுத்துப் பத்தால் பெருக்கினால், அந்தச் சுருதியில் அதன் மறுப்பு கிடைத்துவிடும். சாதாரண மல்டிமீட்டர்கள் உயர்ந்த சுருதிகளில் பிழையாகக் காட்டும். தாழ்ந்த சுருதிகளுக்கு நம்பலாம். 90 ஹெர்ட்ஸுக்கு அருகில் மறுப்பு 2.7 ஓமுக்கு இறங்கியது. தவிலின் தொப்பி முழங்குவது அந்த வட்டாரத்தில்தான்!

உணர்திறன் 84 டெசிபல் என்று அதன் குறிப்பேடு கூறியது. அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. அந்த அளவு 2.83 வோல்ட் கொடுத்து எடுத்தது. 2.83 வோல்ட் என்பது 8 ஓமுக்கு ஒரு வாட். 4 ஓமுக்கோ இரண்டு வாட். ஆகவே ஒரு வாட்டுக்கு உண்மையில் 81 டெசிபல்தான். அவர் கேட்க விரும்பிய அளவுக்கு, ஒரு மீட்டரில் 98 டெசிபல் உச்சம் வேண்டும் என்று கொண்டால், ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 ஓமில் 50 வாட் தேவை. அதற்கு மின்னழுத்த அலையின் உச்சி 20 வோல்ட்டைத் தொட வேண்டும். 2.7 ஓமுக்கு இறங்கும் இடத்தில் மின்னோட்டத்தின் உச்சி 7 ஆம்பியரைத் தாண்டும்.

பின்பு, 300 வாட் பெருக்கியைத் திறந்து பார்த்தோம். உள்ளே இருந்தது 12-0-12 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். எலக்ட்ரீஷியனான நண்பர் அதைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார். பிறகு அவர் முகம் வாடிவிட்டது. அந்த டிரான்ஸ்ஃபார்மரின் முழு வலிமையே 72 வோல்ட்-ஆம்பியர். அதிலிருந்து நேர்மின்னோட்டமாகக் கிடைப்பது இரு புறமும் 17 வோல்ட் அளவு. பளு ஏறினால் அதுவும் சரியும். 20 வோல்ட் உச்சியை அது எங்ஙனம் தரும்? முகப்பில் பொறித்த 300 என்பது 'பி.எம்.பி.ஓ.' என்ற கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய திறனோடு அதற்குத் தொடர்பே இல்லை. 'ஆர்.எம்.எஸ்.' என்ற அடைமொழியோடு, எத்தனை ஓமில், எவ்வளவு திரிபோடு என்றும் சேர்த்துச் சொன்னால்தான் வாட் கணக்குக்குப் பொருள் உண்டு.

தர இயலாத உச்சியைக் கேட்டபோது, பெருக்கி அலையின் தலையை வெட்டியது. கிழிந்த ஓசையின் காரணம் அதுவே. தலை வெட்டுப்பட்ட அலையில், மூல ஓசையில் இல்லாத உயர்ந்த சுருதிகள் பல பிறக்கின்றன. சத்தத்தை மேலும் உயர்த்தினால் உச்சிகள் வளர்வதில்லை. உயர்ந்த சுருதிகளின் பங்கு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. அவையெல்லாம் சென்று சேருமிடம் மென்மையான டுவீட்டர். சிறிய பெருக்கி பெரிய ஒலிபெருக்கியை எரிப்பது இவ்வாறுதான். அவர் வாங்கிய முன்பெருக்கி எரியும் நெருப்பில் நெய் வார்த்தது. தொப்பி கேட்கவில்லை என்று அதில் தாழ்சுருதிக் குமிழை 6 டெசிபல் திருப்பியிருந்தார். அதற்கு நான்கு மடங்கு திறன் வேண்டும். இல்லாத திறனை நான்கு மடங்காகக் கேட்டால் என்ன கிடைக்கும்?

ஒரகடத்துச் சாலையில் நாள்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். பாரம் நிறைந்த லாரி ஒன்று மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று, மீண்டும் புறப்படும். அப்போது அதைக் காப்பாற்றுவது, சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை. குதிரைத்திறன் ஒன்றாகவே இருந்தாலும், அந்த விசை இல்லாத எஞ்சின் திணறி நின்றுவிடும். பெருக்கியில் அந்த முறுக்கு விசைக்கு ஒப்பானது மின்னோட்டம் தரும் ஆற்றல். வாட் எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், பளு இரட்டித்தால் இந்தப் பெருக்கி என்ன செய்யும் என்றும் நாம் கேட்க வேண்டும்.

அதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. 8 ஓமில் 100 வாட் தருவது, 4 ஓமில் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். 200-ஐ நெருங்கினால் அதன் மின்வழங்கி வலியது. 110-இல் நின்றுவிட்டால் அதன் மூச்சு அவ்வளவே. 2 ஓமுக்கும் கணக்குக் கொடுத்திருந்தால் தயாரித்தவர் தம் பொருளை நம்புகிறார் என்று கொள்ளலாம். பின்புறத்தில் '6 ஓமுக்குக் குறையாமல்' என்று எச்சரித்திருந்தால், 4 ஓம் ஒலிபெருக்கி வைத்திருப்பவர் அதை விட்டு விலகுவதே நலம். பெருக்கியின் கனமும் ஓரளவு சான்று கூறும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கனமாகத்தான் இருக்கும். எனினும் இக்காலத்து 'டி' வகுப்புப் பெருக்கிகள் மிக இலேசானவையாயினும் வலுவானவை. அவற்றை எடை போட்டு மதிப்பிடக் கூடாது. 4 ஓம், 2 ஓம் கணக்குகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும். 'ஏ' வகுப்புப் பெருக்கிகளோ சும்மா இருக்கும்போதும் சூட்டைக் கக்கும். கத்திரி வெயிலில் அவற்றை மூடிய அலமாரிக்குள் வைப்பது தகாது.

பெருக்கியின் உள்மறுப்பும் கவனிக்கத் தக்கது. சில வால்வுப் பெருக்கிகளின் உள்மறுப்பு 2 ஓம் வரை இருப்பதுண்டு. 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் ஒலிபெருக்கியை அதில் பூட்டினால், சுருதிக்குச் சுருதி ஓசையின் அளவு ஏறத்தாழ 2.7 டெசிபல் மாறிவிடும். வித்துவான் வாசித்த வாசிப்பைப் பெருக்கி தன் விருப்பப்படி திருத்துவதாக ஆகும். கம்பியும் இக்கணக்கில் சேரும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், 5 மீட்டர் போய்வரும் தடை ஏறத்தாழ 0.12 ஓம். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் அளவுக் கம்பியே போதும். ஆடம்பரக் கம்பி வேண்டியதில்லை.

வலிய பெருக்கியே எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் எண்ணிவிட வேண்டாம். 1957-இல் இங்கிலாந்தில் குவாட் நிறுவனம் வெளியிட்ட நிலைமின் ஒலிபெருக்கி, மிக உயர்ந்த சுருதிகளில் 2 ஓம் அளவுக்கு இறங்குவது. எனினும் மிகுந்த அழுத்தத்தை அதன் மெல்லிய படலம் தாங்காது. அதே நிறுவனத்தின் 15 வாட் வால்வுப் பெருக்கியோடு அது இனிது இயங்கியது. பளுவின் இயல்பை அறிந்த பின்னரே பெருக்கியைத் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி முன்பெருக்கிக்கு வருவோம். முன்பெருக்கி வலு சேர்ப்பதற்காக உள்ளதன்று. எந்தக் கருவியின் ஓசையைக் கேட்பது என்று தெரிந்தெடுப்பதும், ஓசையின் அளவைக் கட்டுப்படுத்துவதும், நீண்ட கம்பிவழியே கெடாமல் அனுப்புவதுமே அதன் வேலைகள். குறுந்தகட்டுக் கருவி தானே 2 வோல்ட் தருகிறது. இருபது மடங்கு பெருக்கும் சாதாரணப் பெருக்கி அதை 40 வோல்ட்டாக்கிவிடும். 8 ஓமில் அது 200 வாட்! ஆதலால் இன்னும் பன்மடங்கு பெருக்கும் முன்பெருக்கி இடையே வந்தால், குமிழைச் சற்றுத் தொட்டதும் வீடு அதிரும், இரைச்சலும் பெருகும். இசைத்தட்டுக் கருவிக்கு மட்டும் நிலைமை வேறு. அதன் ஊசி தருவது சில மில்லிவோல்ட்டே. அதற்குத் தனிப் பெருக்கமும் சுருதிச் சமன்பாடும் அவசியம்.

முன்பெருக்கியின் வெளிமறுப்பு, பெருக்கியின் உள்வாங்கும் மறுப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருக்க வேண்டும். 10,000 ஓம் வெளிமறுப்பு உள்ள ஒன்று, 1,000 பிகோஃபாரட் கொள்ளளவுள்ள நீண்ட கம்பியை இயக்கினால், 16,000 ஹெர்ட்ஸிலேயே ஓசை 3 டெசிபல் சரிந்துவிடும். 500 ஓமாக இருந்தால் அந்தச் சரிவு நம் செவிக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இதைப் பார்த்து வாங்கினால் எளிய முன்பெருக்கியே போதுமானது.

நண்பரின் கதையை முடிக்கிறேன். டுவீட்டரை மாற்றினோம். முன்பெருக்கியை விலக்கினோம், அளவுக் குமிழும் தேர்வுக் குமிழும் கொண்ட சிறியதொன்று அவ்விடத்தில் அமர்ந்தது. 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 190 வாட் தருவதும், 2 ஓமைத் தாங்குவதுமான பழைய பெருக்கி ஒன்றைத் தேடி வாங்கினோம். "சார், முந்நூறு போய் நூறா?" என்று அவர் தயங்கினார். தாழ்சுருதிக் குமிழ் அதில் கிடையாது என்றதும் இன்னும் தயங்கினார்.

மாலையில் குறுந்தகட்டைச் சுழலவிட்டோம். அரை மணி நேரம் ஓடிய பின்பு பெருக்கியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாகவே இருந்தது. தொப்பியில் கோல் விழுந்தது, முழங்கியது, முழக்கம் அடங்க வேண்டிய இடத்தில் அடங்கியது. அடுத்த அடிக்கு இடம் விட்டு அடங்கியது. நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இடக்கையை இப்படித்தான் போடுவார். கடைசிக் காலத்தில் தோள் வலி. ஒரு அடி விட்டு ஒரு அடி இலேசாக விழும். அது இத்தனை நாள் எனக்குக் கேட்கவே இல்லை" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகைய ஒலிப்பதிவு ஒன்று இருக்கக்கூடும். கடைக்குப் போகுமுன் உங்கள் ஒலிபெருக்கியின் உணர்திறன் என்ன, அதன் மறுப்பு எந்தச் சுருதியில் எவ்வளவு இறங்குகிறது என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முகப்பில் பொறித்த எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும்.